ஏழு ஸ்பீக்கரும் இரண்டு காதும்

லேப்டாப்பில் கூடவே வரும் சவுண்டு எதற்கும் ஆகாது. கேம் ஆட வேண்டுமென்றால் 7.1 ஹெட்செட் வேண்டும். கையில் காசிருந்தால் யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். அப்போதுதான் எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று ‘ஸ்டெப்’, அதாவது கால் சத்தம், கேட்கும். வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை பையன்கள் இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். யூடியூபில் கேம் ஆடிக் காட்டுகிறவர்களும் இதையே ஓதுகிறார்கள். காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டிலும், மணலியில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் இதற்காக 3,000, 4,000 ரூபாய் புரட்டப்படுகிறது. இது பொய்யான நம்பிக்கை. பணம் மட்டும் போனால் விட்டுவிடலாம். காதும் சேர்ந்து போகிறது.

ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்தது. அதனால்தான் இன்றும் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. 1980களில் வந்த பி.சி.க்குள் இருந்த சின்ன ஸ்பீக்கருக்கு ‘பீப்’ என்று கத்துவதைத் தவிர அதிகம் தெரியாது. 1989இல் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ நடத்திய கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்டு பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. அதைச் சொருகிய கம்ப்யூட்டர் பேசியது, பாடியது. அன்றைக்கு சவுண்டு கார்டு தனியாக வாங்க வேண்டிய பொருள்தான். ஆனால் 1997இல் இன்டெல் ஏ.சி.97 என்ற முறையை வகுத்தது. ஒலிக்கான சிப் மதர்போர்டின் மேலேயே உட்கார்ந்துகொள்ள வழி பிறந்தது. 2004இல் அதற்கு அடுத்த தலைமுறையாக எச்.டி. ஆடியோ வந்தது. தமிழ்நாடு அரசு 2011இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதற்குள்ளேயே சவுண்டு கார்டு இருந்தது. தனியாக ஒன்றை யாரும் சொருகவில்லை. பாட்டு நன்றாகத்தான் கேட்டது.

பெட்டியின் மேல் அச்சிடும் எண்களைப் பார்ப்போம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது நல்ல இளமையில் கேட்கக்கூடிய மிக உயர்ந்த ஒலி சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதை முழுசாகப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க நொடிக்கு 44,100 மாதிரிகள் போதும். 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி. இதற்கு மேல் போனால் காதுக்குத் தெரியுமா என்று அமெரிக்காவில் மேயர், மொரன் என்ற இருவர் சோதித்து 2007இல் ஒலிப் பொறியாளர்களின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒன்று; அதையே சி.டி. அளவுக்குக் குறைத்தது இன்னொன்று. எது எதென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே கணக்குதான் வந்திருக்கும். அமைதியான அறையில் நல்ல கருவியோடு உட்கார்ந்தவர்களுக்கே கிடைக்காத வித்தியாசம், கன்டெய்னர் லாரி போகும் சாலையோரத்து மாடி அறையில் யாருக்குக் கிடைக்கும்?

சரி, 7.1? எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த எண்ணின் மேல்தான். சினிமா தியேட்டரிலும் பெரிய ஹாலிலும் ஏழு ஸ்பீக்கரைச் சுற்றி வைத்து, அடித்தொனிக்கு ஒன்றைத் தனியே வைப்பதற்குப் பெயர் 7.1. நம் தலையில் இருப்பதோ இரண்டு காது. இந்த இரண்டை வைத்துக்கொண்டே பின்னால் வரும் பைக்கையும் மேலே கத்தும் காக்கையையும் கண்டுபிடிக்கிறோம். வலப்பக்கச் சத்தம் வலது காதை முதலில் தொடும். இடது காதுக்கு அதிகம் போனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில் சேரும். தலை நடுவில் மறைப்பதால் கொஞ்சம் மெலிந்தும் சேரும். காது மடலின் மடிப்புகள் முன், பின், மேல், கீழ் என்று ஒவ்வொரு திசைக்கும் ஒலியின் சாயலை மாற்றுகின்றன. மூளை இதையெல்லாம் கூட்டித் திசையைச் சொல்லிவிடுகிறது. எனவே இரண்டு காதுக்கும் இரண்டு ஒலி சரியாகப் போனால் போதும், திசை முழுதும் அதற்குள் அடங்கும். 7.1 என்று எழுதி விற்கும் ஹெட்செட்டில் பெரும்பாலானவற்றுக்குள் இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டே டிரைவர்கள், அதாவது குட்டி ஸ்பீக்கர்கள். ஏழு என்பது சாஃப்ட்வேர் போடும் கணக்கு. அதே கணக்கை விண்டோஸ் 2017 முதல் ‘விண்டோஸ் சோனிக்’ என்ற பெயரில் காசு வாங்காமல் தருகிறது. எந்தச் சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட்டிலும் வேலை செய்யும். வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற கேம்கள் தங்களுக்குள்ளேயே இந்தத் திசைக் கணக்கைப் போட்டுத் தருகின்றன. கேம் ஒருமுறை போட்டதன் மேல் ஹெட்செட்டும் ஒருமுறை போட்டால் ஒலி குழம்பி, எல்லாமே பாத்ரூமுக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். நம்பாதவர்கள் செட்டிங்கில் 7.1ஐ அணைத்துவிட்டு அன்றைய ஆட்டத்தை ஆடிப் பார்க்கலாம்.

‘எனக்கு வித்தியாசம் நல்லா தெரியுதுண்ணே’ என்பான் பையன். தெரியும்தான். புது ஹெட்செட் பழையதைவிடக் கொஞ்சம் சத்தமாக ஒலிக்கும். சத்தம் ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே காது அதைத் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். கடையில் ஒன்றை மாற்றி ஒன்றை மாட்டிக் காட்டும்போது நடப்பது இதுதான். சத்தத்தை ஏற்றும் பூஸ்டர் சாஃப்ட்வேரும் இதே வேலையைத்தான் செய்கிறது. வி.எல்.சி. பிளேயரில் 200 சதவீதம் வரை ஏற்றியவர்களுக்குத் தெரியும்: ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். அதிகமாகக் கேட்டது கரகரப்பு. தெளிவு ஒரு துளிகூடக் கூடியிருக்காது.

உண்மையில் ஒலி கெடும் இடங்கள் வேறு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயின்ட் ஏராளம். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டரில் சொருகி ஓட்டுவார்கள். சார்ஜருக்குள் உள்ள கெபாசிட்டர் வழியாகக் கசியும் சின்ன மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உலோக உடம்பில் நிற்கும். கை வைத்தால் மெல்லச் சுரீரென்கும். அதுதான் மைக்கில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலாக ஏறுகிறது. சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் நின்றுவிடுகிறதா? அப்படியானால் கோளாறு சவுண்டு கார்டில் இல்லை, சுவரில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்ல வேண்டும். உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு. அந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு ஹெட்செட் வாங்குகிற வீடுகளைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

புளூடூத்தும் அப்படித்தான். பாட்டு கேட்கும்போது அருமையாக இருந்த ஹெட்செட், நண்பனோடு பேச மைக்கைத் திறந்த நொடியில் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். பழுதில்லை அது. இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்கள் மைக் வேலை செய்யும்போது ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் ஒற்றை ஒலி வரும், மாதிரி எடுக்கும் வேகமும் 16 கிலோஹெர்ட்ஸோ 8 கிலோஹெர்ட்ஸோ ஆகச் சுருங்கும். திசை அங்கேயே செத்தது. சாதாரண ஒயர் ஹெட்செட்டோ, லேப்டாப்பின் சொந்த மைக்கோ போதும், பிரச்சினை தீரும். இது தெரியாமல் ஒன்றைத் தூக்கிப் போட்டு இன்னொன்றை வாங்கியவர்கள் எத்தனை பேர்! கடற்கரையோர உப்புக் காற்றில் ஜாக்கின் பித்தளை கறுத்துப்போய் ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்பதும் இங்கே சகஜம். துடைத்தால் சரியாகும் கோளாறு அது.

தனி சவுண்டு கார்டே யாருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு அறையில் உட்கார்ந்து கானா பாடிப் பதிவுசெய்யும் தம்பிகளுக்கு அது வேண்டும். நல்ல மைக் தரும் மின் சிக்னல் மிகச் சிறியது. அதைச் சுத்தமாகப் பெருக்க நல்ல முன்பெருக்கி வேண்டும், கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட்டும் வேண்டும். லேப்டாப்பின் மைக் ஜாக்கால் அது முடியாது. வடசென்னையில் ஒரு வீட்டில் 5,000 ரூபாய் ஒலிக்காகச் செலவாகிறதென்றால் அது பாடுகிற பிள்ளைக்குப் போகட்டும் என்பேன். சாஃப்ட்வேருக்குக் காசே வேண்டாம், ஆடாசிட்டி இலவசம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் ஹெட்செட் போதவில்லை என்று பையனுக்குத் தோன்றுவது ஏன்? வெளியே சத்தம் அவ்வளவு. துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் இரவெல்லாம் வரிசை கட்டுகின்றன, ஏர்ஹாரன் ஓய்வதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் எல்லை. அந்தச் சாலையோரம் ஒரு இரவு படுத்தவர் யாரும் இந்த எண்ணை நம்பமாட்டார். கேமில் வரும் மெல்லிய கால் சத்தம் அதற்குள், மீன் ஏலத்தின் நடுவே காதோடு சொன்ன ரகசியம் மாதிரி, அமுங்கிப்போகிறது. உடனே கை வால்யூமுக்குப் போகிறது. கால் சத்தம் கேட்கும் அளவுக்கு ஏற்றிவிட்டால், அதே அளவில் துப்பாக்கிச் சத்தமும் வெடிகுண்டும் காதுக்குள் இறங்குகின்றன.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம். 92இல் இரண்டரை மணி நேரம். கேம் ஆடுகிறவர்களின் காதைப் பற்றி அதுவரை வந்த 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் பொது சுகாதார இதழில் வெளிவந்தது. சுடும் கேம்களில் ஹெட்போன் வழியாகக் காதுக்குப் போன சராசரிச் சத்தம் 85 முதல் 91 டெசிபல் வரை இருந்ததை அது எடுத்துக்காட்டுகிறது. 91 டெசிபல் என்றால் ஒரு வாரத்துக்கு உரிய அளவை இங்குள்ள பையன் ஒரே ராத்திரியில் தீர்த்துவிடுகிறான்.

சத்தம் காதைக் கெடுக்கும்போது எல்லா ஒலியையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டு போவதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. ‘ச’, ‘ஸ’ போன்ற ஓசைகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் பிரஸ் ஷாப்பிலும் பாய்லர் பக்கத்திலும் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் டி.வி.யைச் சத்தமாக வைப்பதும், ‘என்னம்மா சொன்ன?’ என்று இரண்டாம் முறை கேட்பதும் இதனால்தான். தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அறிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே எழுதப்பட்டது. அப்பாவின் காதில் எந்த இடத்தை இரும்பு தின்றதோ, அதே இடத்தைத்தான் மகனின் ஹெட்செட் தின்கிறது. கால் சத்தத்தின் சரசரப்பும், அது முன்னாலா பின்னாலா என்று காது மடல் தரும் தடயமும் கிடைப்பது அந்த உயர்ந்த ஒலிகளிலிருந்துதான். எந்த ‘ஸ்டெப்’ கேட்க வேண்டும் என்று 4,000 ரூபாய் கொடுத்தானோ, அதைக் கேட்கும் திறனையே அவன் இழக்கிறான். உள்காதின் மயிரிழைச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அப்பாவுக்காவது சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. பையனுக்கு எங்கே எழுதியிருக்கிறது?

ஆகவே வாங்கித்தான் தீர வேண்டும் என்கிற வீட்டாருக்கு: எண்ணைப் பார்க்காதீர்கள், காதில் பதியும் மெத்தையைப் பாருங்கள். காதை முழுசாக மூடி, இடைவெளி இல்லாமல் பொருந்துகிற சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட் வெளிச் சத்தத்தைக் குறைக்கும். வால்யூமைத் தாழ்த்தி வைத்தாலே கேட்கும். ஆடி முடித்த பிறகு காதுக்குள் ‘கொய்ங்’ என்று இரைச்சல் நின்றால் ராயபுரத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேட்புத்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

விற்கிறவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. பெட்டியில் 7.1, 50 மில்லிமீட்டர் டிரைவர், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். முழு வால்யூமில் இது காதுக்குள் எத்தனை டெசிபல் தள்ளும், அதை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்கலாம் என்பதை அதே எழுத்தளவில் தமிழில் போடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இலேயே பாதுகாப்பாகக் கேட்பதற்கான தரநிலையை வகுத்துக் கொடுத்துவிட்டன. சிகரெட் பெட்டிக்குப் படம் போட வைத்த அரசு, இதற்கு இரண்டு வரி போட வைக்க ஏன் இன்னும் தயங்குகிறது?