கிளட்ச்சும் ஒரு தேய்மானக் கணக்கும்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஏதாவது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்ட்டரில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், இந்த வசனம் காதில் விழும். "இது பிளாஸ்டிக் சார். இதே ஐட்டம் மெட்டல்ல இருக்கு. கொஞ்சம் காசு கூட, ஆனா லைஃப் வரும்." உடனே நம் கை பர்ஸுக்குப் போகும். மெட்டல் என்றால் பாட்டி வீட்டுப் பித்தளை அண்டா, பிளாஸ்டிக் என்றால் பழைய புடவைக்குப் போடுகிற பக்கெட். நம் ரத்தத்தில் ஊறிய பாடம் இது!

பி.காம். படித்தவனுக்கு கிளட்ச்சில் என்ன வேலை என்கிறீர்களா? தேய்மானம் எங்க சப்ஜெக்ட் சுவாமி! எது தேயணும், எது தேயக்கூடாது... விஷயமே அதுதான்.

கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பாருங்கள். முன்பக்கப் புல்லியில் வேரியேட்டர் என்று ஒரு சமாசாரம். அதற்குள் ரோலர்கள்; உள்ளே கனத்துக்கு உலோகம், மேலே நைலான் சட்டை. பக்கத்தில் ஸ்லைடர் என்று குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகள். இவை உரசுகிற இடம் அலுமினியம். ஸ்லைடர் தேய்ந்தால் சில்லறைச் செலவு. 'லைஃப் வரும்' என்று அதையே இரும்பில் போட்டால் லைஃப் வரும்தான், ஸ்லைடருக்கு. தேய்வது புல்லி! கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்தில் பிளாஸ்டிக் வைக்கவில்லை, பலியாடாக வைத்திருக்கிறான். கிளட்ச் கேபிளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயும் இதே ஜாதி.

ஆனால் சூடும் அழுத்தமும் சேருகிற இடத்தில் இந்த தாட்சண்யம் கூடாது. கியர் பைக்கில் பிரிக்‌ஷன் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி எண்ணெயில் ஊறிக் கிடக்கும். ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும். பிடி விட்டால், மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. பின்னால் தண்ணீர் லாரி. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. நீலம் பாரித்திருந்தால் கருகியிருக்கிறது. ஸ்பிரிங்கை ஒன்றிரண்டு மட்டும் மாற்றாதீர்கள், செட்டாக மாற்றுங்கள்.

மெட்டல் என்ற பெயரிலும் மோசடி உண்டு. பளபளவென்று பாலிஷ் போட்ட மட்டமான கிளட்ச் லீவர், வண்டி ஒருதரம் சாய்ந்தால் சடக்கென்று முறியும். முறிந்த இடம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். இதற்கு நல்ல நைலான் எவ்வளவோ தேவலை.

கார்க்காரர்களுக்கு வேறு கணக்கு. கியர்பாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் பல கார்களில் பிளாஸ்டிக்தான். ஒழுகினால் கியர்பாக்ஸையே இறக்கணும். சாமானை விடக் கூலி அதிகம். அதனால் கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸ் இறங்கும்போதே அதையும் நல்ல கம்பெனி சரக்காகப் புதிதாய்ப் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கா மெட்டலா என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

பைக்கில் பிளேட்டுக்குச் செலவழிக்கும் முன் கேபிளில் ஃப்ரீ பிளே இருக்கிறதா பாருங்கள். ஆயில் டப்பாவையும் பாருங்கள். 'ஜேசோ எம்.ஏ.' என்று போட்டிருக்க வேண்டும். வழுக்கல் ஜாஸ்தியான கார் ஆயிலை ஊற்றினால் புது பிளேட்டும் வழுக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணுங்கள். மெக்கானிக்கே வாங்கிப் போட்டால், கழற்றியதைப் பேப்பரில் சுற்றித் தரச் சொல்லுங்கள். அவர் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டுமே!