ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறார்கள்

"படிக்க வயசு எதுக்கு? ஆர்வம் இருந்தா போதும்." மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவர்களின் படிப்புக்கு இந்தப் பேச்சைவிடக் கேடு செய்தது வேறொன்றும் இல்லை என்பேன். ஆர்வம் இருந்தால் போதும் என்றால், பாதியில் நின்றவருக்கு ஆர்வமில்லை என்றாகிவிடுகிறது. பழி முழுக்க அவர் தலையில் விழுகிறது. வகுப்பு எந்த நேரத்தில் நடந்தது, படித்ததை வைத்து மறுநாள் அவரால் என்ன செய்ய முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் காடாம்புலியூர்ப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியது. அது ஓய்ந்து நாங்கள் வெளியே வந்தபோது முந்திரிக் கொல்லைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா காலத்துப் பலா மரங்கள் குப்புற விழுந்திருந்தன. அதுவரை முந்திரி எங்களுக்குப் படித்துச் செய்கிற வெள்ளாமை இல்லை. கொட்டையைப் போட்டால் முளைக்கும். மரத்தை அதன் போக்கில் விட்டால் காய்க்கும். புயலுக்குப் பிறகோ ஒட்டுக்கன்று, கவாத்து, சொட்டுநீர் என்று எல்லாமே புதுப் பாடம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரகத்தைப் பற்றி டீக்கடையில் வாக்குவாதமே நடந்தது.

என் பெரியப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டார். தாய்மரத்தில் நல்ல கொப்பாகப் பார்த்து, ஒரு வாரம் முன்னாலேயே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். பையில் வளர்ந்த நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, கொப்பின் அடியை ஆப்புப் போலச் சீவிச் செருக வேண்டும். இரண்டு பட்டையும் ஒன்றையொன்று தொட வேண்டும், மயிரிழை விலகினாலும் காய்ந்துபோகும். பிறகு பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். முதல் தடவை கட்டிய நாற்பதில் ஏழுதான் துளிர்த்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து பார்த்து, "கத்தி மழுங்கிப்போச்சு மாமா" என்றார். பெரியப்பா கத்தியை மாற்றினார். அவருக்கு யாரும் ஊக்கவுரை ஆற்றவில்லை. வெறும் கொல்லை முன்னால் கிடந்தது. தப்பைக் காட்டிக்கொடுக்க ஒரு ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தார். மூன்று வாரத்தில் துளிர் வந்து பதில் சொன்னது. ஆர்வம் அந்தத் துளிரைப் பார்த்த பிறகுதான் வந்தது. பிறகு அவரைத் தோப்பிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதே பெரும்பாடு.

நெய்வேலியும் அப்படித்தான். 1957-ல் சுரங்க வேலை தொடங்கிய பின், ஏர் பிடித்த கைகளில் சில வெளிநாட்டு எந்திரங்களின் நெம்புகோலைப் பிடித்தன. ஆர்வமிருக்கிறதா என்று கேட்டுவிட்டா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? வேலையோடு பயிற்சியும், பயிற்சியோடு சம்பளமும் வந்தது.

கண்மணி குணசேகரனைக் காட்டி என்னை மறுப்பவர்கள் உண்டு. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்துகொண்டே நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தவர். அது ஆர்வமில்லாமல் வேறென்ன என்பார்கள். ஆர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் தேடிய சொற்கள் அவரைச் சுற்றியிருந்த வாய்களிலேயே இருந்தன. கொல்லையில் களை எடுக்கிற கிழவிகூட அவருக்கு வாத்தியார். அப்படியொரு பள்ளிக்கூடம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

என் அத்தை முந்திரிக் கொட்டை உடைக்கிறவர். ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கரேலென்று இருக்கும். தோல் வெந்துபோகாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார். வயது வந்தோருக்கான வகுப்பில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். வகுப்பு பிற்பகல் மூன்று மணிக்கு. அவருக்குக் கூலி கிலோ கணக்கில். மூன்று மணிக்கு எழுந்து போனால் அன்றைய வரும்படி போச்சு. நாலு நாள் போனார், நின்றுவிட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "ஆர்வமில்லை" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வகுப்பைக் கொட்டை உடைக்கிற கொட்டகைக்கே கொண்டுபோயிருக்கலாம். கூலி நோட்டையே பாடப்புத்தகமாக வைத்திருக்கலாம். அதையெல்லாம் செய்ய வேண்டியவர்கள் இரண்டு சொல்லில் கணக்கை முடித்துவிட்டார்கள்.

பிறகு ஒரு வாரம் அத்தைக்குக் கூலியில் சந்தேகம் வந்தது. ராத்திரி முறத்தில் சாம்பலைப் பரப்பிப் பேத்தியை எழுதச் சொன்னார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை, பிறகு சுழி. அழித்து அழித்து எழுதிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கப் போனபோது நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கறுத்த விரலை ஒரு வரியில் வைத்தார்.

"நான் ஒடச்சது எட்டு கிலோ. இங்க ஆறுன்னு போட்டிருக்கு."

கணக்குப்பிள்ளை குனிந்து பார்த்தார். ஆறை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.