விற்பனைக்கு இல்லாத இடம்

தக்கலை முதல் தேங்காய்ப்பட்டணம் வரை, வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய ஹலாலான பொருளைத் தரகர்களிடம் கொட்டச் சில பெற்றோர் துணிகின்றனர். “ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி” என்பது தரகரின் வாக்கு!

எது உறுதி? 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு அங்கே விண்ணப்பித்தோர் 54,008 பேர். இடம் பெற்றோர் 1,937 பேர். நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. கடலில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்பதை நம் ஃபிக்ஹு நூலோர் ‘கரர்’ என்று விலக்கினர். தன் கையில் இல்லாத இடத்தை விற்பது வேறென்ன?

“கட்டுரையையும் நாங்களே எழுதித் தருவோம்” என்கின்றனர். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுள் கைவிட்டுப் பார்த்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகரைக் கண்டித்ததை மறந்தோமா? பிள்ளையின் பெயரில் பிறர் எழுதும் கட்டுரை அந்த ஈரத் தானியமே. அமெரிக்காவிலேயே செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கள்ளவழி திறந்த ரிக் சிங்கர் என்னும் தரகர், 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2023இல் மூன்றரையாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

“பணமில்லாதவனுக்கு அங்கே இடமேது?” என்பதும் பேதைமையே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை அயல்நாட்டு மாணவரையும் குடும்ப வருவாய் பாராமலே தேர்ந்து, தேவைக்கேற்ப உதவித்தொகை அளிக்கின்றன.

பெற்றோர்களே! தகுதியுள்ள பிள்ளை தானே எழுதி, தானே விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ்! கிடைக்காவிடில், இல்முக்கு வாயில்கள் வேறு பல உள. தரகருக்கென்று எண்ணி வைத்த பணம் அந்தப் பிள்ளையின் படிப்புக்கே இருக்கட்டும்.