சவலைக் குழந்தையும் பெரியோர் கவனமும்

திருவரங்கம் பெரிய கோயிலின் தன்வந்திரி சந்நிதி பக்தர்கள் நன்கறிந்தது. அங்குள்ள சக ஆண்டு 1415 (கி.பி. 1493) கல்வெட்டு, கருடவாகன பட்டர் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறுகிறது. வேண்டுதலும் வைத்தியமும் அன்று ஓரிடத்திலேயே இருந்தன. பேரக் குழந்தைகளைப் பேணும் பெரியோர் இதனை மனத்தில் இருத்துதல் நலம்.

குழந்தையின் மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையும் மிகுந்த துர்நாற்றமும் கொண்டு, நீரில் மிதந்தால், "நெய் அதிகமாகிவிட்டது, மாந்தம்" என்று உரைமருந்து புகட்டுவது இல்லங்களில் வழக்கம். இரண்டொரு நாளில் சரியானால் கவலையில்லை. வாரக்கணக்கில் நீடித்து, எடை ஏறாமல், வயிறு உப்பிக் கைகால் மெலிந்தால், உண்ட கொழுப்பு உடலில் சேரவில்லை என்று கொள்ள வேண்டும்.

கொழுப்பு செரித்து உடலில் சேர, பித்தநீர், கணையநீர், சிறுகுடலின் உட்சுவர் ஆகிய மூன்றும் செம்மையாக இயங்க வேண்டும்.

குடலைத் தாக்குவனவற்றுள் அடிக்கடி காணப்படுவது ஜியார்டியா என்னும் நுண்ணுயிர். மாசடைந்த நீரின் வழியே பரவும். ஒருமுறை மலப் பரிசோதனையில் தென்படாவிடில் மீண்டும் பார்க்க நேரலாம். மருந்தால் குணமாகும். காவிரி நீரேயாயினும் கொதிக்க வைத்து ஆற்றியே குழந்தைக்குத் தர வேண்டும்.

மற்றொன்று சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் சிலருடைய குடற்சுவரைச் சிதைக்கிறது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதும், பின்னர் ரொட்டி வந்ததும் மீண்டும் நலிந்ததும் மருத்துவர் வில்லெம் டிக்கெயின் ஐயத்தை உறுதி செய்தன. அரிசி உண்ணும் தென்னாட்டில் இந்நோய் குறைவு, ஆயினும் இல்லாததன்று. ரவை, சேமியா, பிஸ்கட் மட்டுமின்றி, மைதா கலந்த கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை உண்டு. ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் புலப்படாமல் போகக்கூடும்.

கணையநீர் குடலுக்கு வராமற்போகும் பரம்பரைக் குறை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இது அரிது. ஓயாத இருமலும், முத்தமிடும்போது நெற்றியில் மிகுந்த உப்புச் சுவையும் இதன் அறிகுறிகள். வியர்வைப் பரிசோதனை தெளிவாக்கும்.

எல்லாவற்றினும் அவசரமானது பித்தநாள அடைப்பு. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் கண்ணில் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. இதற்கான அறுவைச் சிகிச்சை 60 நாள்களுக்குள் நடந்தால் பலன் மிகுதி. கைமருந்திலும் நல்ல நாள் பார்ப்பதிலும் கழியும் வாரங்கள் கல்லீரலையே பறித்துவிடும்.

எக்காரணமாயினும், மருத்துவர் சொல்லாமல் நெய்யையும் பாலையும் நிறுத்துதல் கூடாது. வளரும் குழந்தைக்குக் கொழுப்பு இன்றியமையாதது. மலத்தின் நிறம், எத்தனை முறை, மாதந்தோறும் எடை ஆகியவற்றைக் குறித்துவைத்துக் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுக. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் குழந்தைகள் பிரிவு உண்டு.

குழந்தையை நீராட்டித் துணி மாற்றும் பாட்டியின் கண்ணே இம்மாற்றத்தை முதலில் காண்பது. கண்டதை அன்றே சொல்லுதல் கடமை. மருத்துவரை நாடிச் செல்வதால் தன்வந்திரியிடம் வைத்த நம்பிக்கை குறைவதில்லை.