எந்த எக்ஸாமுக்கு அண்ணாச்சி?

சங்கரன்கோவில்ல ஒரு பழைய பேப்பர் கடை. பரீட்சை நோட்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் கிடந்தது காவடிச்சிந்து. உரையோடு வந்த பழைய பதிப்பு. எங்க வீட்டில் இருந்து, யாரோ இரவல் வாங்கிப் போய், திரும்பியே வராத அதே பதிப்பு! எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பேன் இதுக்காக? கடைக்காரத் தம்பி தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது என்ன கனம் இருக்கப்போவுது, சும்மா கொண்டு போங்க அண்ணாச்சி” என்றான். நல்ல மனசுதான் அவனுக்கு. ஆனா நெஞ்சு பொறுக்கலையே!

யார் புஸ்தகம் அது? இந்தா இருக்கிற சென்னிகுளத்தில் 1865-இல் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் புஸ்தகம். 26 வயசிலேயே போய்ச் சேர்ந்துட்டார் மனுஷன். அதுக்குள்ள உ.வே.சா.விடம் பாடம் கேட்டாச்சு. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரவில், கழுகுமலை முருகன் மேல சிந்தும் பாடியாச்சு. காவடி தூக்குகிறவன் காலே தாளம் போடும், அப்படி ஒரு நடை. பாரதியே அந்த மெட்டை எடுத்துக்கிட்டார். இன்னிக்கும் கச்சேரி மேடையில் பாடுறாங்க, கைதட்டு வாங்குறாங்க. பிறந்த மண்ணில்? எடைக்குப் போடுறாங்க!

எனக்குக் கிடைத்த பிரதியில் யாரோ ஒரு புண்ணியவான் பாட்டுக்குப் பாட்டு ஓரத்தில் பென்சிலால் தாளம் குறிச்சிருக்கார். ஒரு இடத்தில், இங்கே மூச்சு விடணும்னு ஒரு சின்னக் கோடு. பாடினவர் கை அது. அவருக்கப்புறம் வீட்டில் யாருக்கும் வேண்டாமப் போச்சு போல.

இன்னொரு பிரதி கிடைத்தால் தெரிஞ்ச பையனுக்குக் கொடுக்கலாமேன்னு புஸ்தகக் கடைக்குப் போனேன். வாசல்லேர்ந்து உத்தரம் வரைக்கும் கைடு, டிஎன்பிஎஸ்சி மெட்டீரியல், மாடல் கொஸ்டின் பேப்பர். காவடிச்சிந்து இருக்கான்னு கேட்டா, கடைப்பையன் திருப்பிக் கேட்கிறான்: “எந்த எக்ஸாமுக்கு அண்ணாச்சி?”

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தில் சில கண்ணிகள் இருக்கு. ‘காவடிச்சிந்தின் தந்தை யார்?’ ஒரு மார்க். பேரை டிக் அடிக்கிறான், அடுத்த கேள்விக்குப் போறான். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு முழுப் புஸ்தகம் இருக்குன்னு அவனுக்கு யார் சொன்னா? வாத்தியார் சொன்னாரா? வீட்டில் பாடிக் காட்டினோமா? வீட்டு வரியோட சேர்த்து நூலக வரியும் கட்டத்தானே செய்றோம்? ஒரு நூலகத்தில் கேட்டேன், “அதெல்லாம் கிழிஞ்சு போச்சு, கழிச்சிட்டோம்” என்றார்கள். கழிச்சா, புதுசா ஒண்ணு வாங்கி வைக்க வேண்டாமா?

“பிடிஎஃப் இருக்கே” என்கிறான் என் மருமகன். இருக்கு, இல்லேங்கலை. ஆனா எத்தனை பதிப்பில் உரை இருக்கு? பழஞ்சொல்லும் சிலேடையும் மண்டிக் கிடக்கிற பாட்டுய்யா அது. அடியில் நாலு வரி அர்த்தம் போட்டாத்தானே பிள்ளைகளுக்குப் புரியும்?

ஆடித்தபசுக்கு எத்தனை ஆயிரம் ஜனம் வருது இந்த ஊருக்கு! ரதவீதிக் கடையில் வளையலும் பலூனும் மலையாக் குவியுது. ஒரே ஒரு மேஜை போட்டு, நம்ம ஊர்க்காரர் புஸ்தகம்னு நல்ல உரையோட விற்றால் நூறு பேர் வாங்க மாட்டாங்களா? அச்சுக்கூடம் வைத்திருக்கிற ஒருத்தரிடம் கேட்டே விட்டேன். அவர் தலையே நிமிரலை. “போகாது அண்ணாச்சி.”

போட்டுப் பார்த்தாரா? இல்லை. பாதிச் செலவு நான் தாரேன், போடுய்யான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.