ஸிரி கேட்ட அடையாள அட்டை

“சேர், இது நம்மட போன் எண்டு அதுக்கு எப்படித் தெரியும்?” தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் குரல் உதவியாளர்களைப் பற்றிப் பேசும்போது தரம் 10 மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல நான் 2011ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த ஒக்டோபரில் ஐபோன் 4எஸ் வெளிவந்தது. ஆப்பிளின் ஸிரி அந்த மாதிரியில் மட்டுமே கிடைத்தது. அடுத்த மாதமே பிரான்ஸின் அப்ளிடியம் என்ற செயலித் தயாரிப்பு நிறுவனத்தினர் அது எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியிட்டுவிட்டனர். போனுக்கும் சேவையகத்துக்கும் இடையிலான உரையாடல் மறைகுறியாக்கப்பட்டது. எதிரே இருப்பது உண்மையான சேவையகம்தானா என்று போன் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்யும். அவர்கள் அந்தப் பூட்டை உடைக்கவில்லை. தாங்களே சான்றிதழ் வழங்கும் அதிகாரியாகி, அந்த அதிகாரியை நம்பும்படி தங்கள் சொந்தப் போனில் பதிந்தார்கள். ஆப்பிளின் முகவரியைத் தங்கள் கணினிக்குத் திருப்பினார்கள். போன் ஏமாந்துவிட்டது.

உள்ளே தெரிந்தவை இரண்டு. ஒன்று, பேசிய குரல் ஸ்பீக்ஸ் முறையில் சுருக்கப்பட்டு அப்படியே சேவையகத்துக்குப் போனது. மற்றது, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாளக் குறியீடும் கூடவே போனது. ஸிரி பார்த்தது அந்தக் குறியீட்டைத்தான். குறியீடு கையிலிருந்ததால், ஐபோன் இல்லாமலேயே ஒரு குரல் பதிவை அனுப்பி அதை எழுத்தாகத் திரும்பப் பெற்றும் காட்டினர்.

பரீட்சை மண்டபத்தில் நோக்குநர் முகத்தைப் பார்க்காமல் சுட்டெண்ணை மட்டும் பார்ப்பது போல என்று மாணவனுக்குச் சொன்னேன். ஒரே சுட்டெண் பல இடங்களில் வந்தால் மாட்டிக்கொள்ளும். ஆப்பிள் ஒரு குறியீட்டைத் தடைசெய்யலாம் என்பதை அப்ளிடியமும் சொல்லியிருந்தது.

இதைத் திருட்டு என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் நம் குரலை எங்கே அனுப்புகிறது என்று திறந்து பார்ப்பது திருட்டாகுமா? குரலில் இயங்கும் இத்தகைய சாதனங்களின் பூட்டைச் சில நோக்கங்களுக்காகத் திறக்க அமெரிக்காவே 2018இல் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்களித்தது. நிறுவனத்துக்கு நம் போனைத் துல்லியமாகத் தெரியும். அந்தப் பக்கத்தில் யார் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஒப்பந்த ஊழியர்கள் ஸிரிப் பதிவுகளைக் கேட்கிறார்கள், அவற்றில் மருத்துவரிடம் பேசியவையும் இருக்கின்றன என்று 2019 ஜூலையில் ‘கார்டியன்’ வெளியிட்ட பிறகுதான் ஆப்பிள் அதை நிறுத்தி, ஓகஸ்டில் மன்னிப்புக் கேட்டது. ஸிரி அழைக்காமலே விழித்து ஒலிப்பதிவு செய்தது என்ற வழக்கைத் தவறை ஒப்புக்கொள்ளாமல் 95 மில்லியன் டொலருக்கு முடிக்க அது இணங்கிய செய்தி 2025 ஜனவரியில் வந்தது.

2021 முதல் புதிய மாதிரிகளில் பேச்சைப் போனே புரிந்துகொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதிவுகளை வைத்திருக்க இப்போது நம் சம்மதமும் கேட்கப்படுகிறது.

“அப்ப வாப்பாட போன்ல சம்மதம் குடுத்தது யாரு சேர்?” என்றான் அவன். வீட்டுக்குப் போய் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.