டாலி ஆகாத புல்

வீடு ரிப்பேரில் மிஞ்சிய மணலைத் தொட்டியில் நிரப்பி, மொட்டை மாடியில் ரோஜா வைத்தேன். மூன்று மாதமாகியும் அது குச்சியாகவே நிற்கிறது.

"தொட்டி புதுசு, செடி புதுசு. மண்ணு மட்டும் ஓசி. அப்புறம் எப்படிங்க பூக்கும்?" என்றாள் மனைவி.

இதே கேள்வியைக் கேட்டே பேர் வாங்கிய ஓர் அம்மையார் அமெரிக்காவில் இருக்கிறார். ஜாய் ஸெட்லர். தாவரச் சூழலியல் நிபுணர். சான் டியேகோவில் ஏறக்குறைய 30 வருஷம் கடலோரச் சேற்றில் இறங்கிப் புல்லை அளந்தவர்.

அங்கே நெடுஞ்சாலை வேலைக்காகச் சதுப்பு நிலத்தை அழித்தார்கள். 'அழித்ததற்கு ஈடாக இன்னொன்று உண்டாக்கு' என்றது சட்டம். பி.காம். படித்த எனக்கு இது ரொம்பப் பிடித்தது. இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு, கணக்கு டாலி!

1984-இல் ஸ்வீட்வாட்டர் சதுப்பில் புது நிலம் தயார். புல் நட்டார்கள். பச்சைப் பசேல். எங்கள் ஆடிட்டராக இருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஆனால், யாருக்காக இதைச் செய்தார்களோ அது கூடு கட்ட வரவில்லை. அப்போது 'கிளாப்பர் ரெயில்' என்று அழைக்கப்பட்ட அபூர்வப் பறவை. பார்க்கக் கோழி மாதிரி இருக்கும். உயரமான புல்லுக்குள் கூடு கட்டும். கடல் ஓதம் ஏறினால் கூடு தெப்பமாக மிதக்கும். அடித்துக்கொண்டு போகாமல் புல் பிடித்துக்கொள்ளும். புதுப் புல்லோ குட்டை.

ஏன்? ஸெட்லர் குழு தோண்டிப் பார்த்தது. மண் வெறும் மணல். தழைச்சத்து தங்கவில்லை. உரம் போட்டால் புல் வளர்ந்தது. நிறுத்தினால், பழைய குருடி கதவைத் திறடி! போதாக்குறைக்குச் செதில் பூச்சி வேறு. அதைத் தின்னும் வண்டுகள் அங்கே இல்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அளந்துவிட்டு, 1999-இல் சக ஆய்வாளர் காலவேயுடன் சேர்ந்து எழுதினார்: 'நாளாக ஆகச் சரியாகிவிடும்' என்பதற்கு அறிகுறியே இல்லை என்று.

அதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1998-இல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகம் போய், கெட்டுப்போன நிலத்தைச் சீர்படுத்துவதையே பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். வேண்டியதுதான். ஆனால், இருக்கும் சதுப்பை அழிக்க அது லைசென்ஸ் ஆகாது.

பழைய சதுப்பு என்பது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த டெபாசிட். அதை முழுசாக உருவிவிட்டு, அஞ்சு ரூபாயில் புதுக் கணக்கு ஆரம்பித்து, 'பாஸ் புக் இருக்கே' என்றால் எப்படி?

ரோஜாவுக்கு நல்ல செம்மண் வாங்கப் புறப்பட்டுவிட்டேன். ஆடிட்டர் விட்டாலும் மனைவி விடுவதாக இல்லை.